மெலியும் கோடு

தாளின் நடுவில் ஒரு கறை இருந்தது. பென்சில் கோட்டின் மேல் உள்ளங்கை உரசிப்போனால் படியுமே, அந்தச் சாம்பல் கறை. அமலோற்பவம் அதைக் குனிந்து பார்த்தாள்.

அவள் இடதுகைக்காரி. இடமிருந்து வலமாகக் கோடு இழுத்தால், பின்னாலேயே வரும் உள்ளங்கை அதைக் கொஞ்சம் தேய்த்துவிட்டுத்தான் போகும். முப்பது வருஷம் கட்டட வரைபடம் போட்டும் அந்தப் பழக்கத்தை அவளால் விட முடியவில்லை. ஆனால் இந்தப் படத்தில் அவள் ஒரு கோடுகூடப் போட்டதில்லை. கணினி போட்ட படம் இது. அவளுடைய கோட்டை மட்டுமில்லாமல் அவளுடைய அழுக்கையும் சேர்த்துக் கற்றுக்கொண்டிருந்தது அந்த மென்பொருள். யாரோ தன் புடவையைக் கட்டிக்கொண்டு எதிரே வந்து நிற்பதுபோல இருந்தது அவளுக்கு.

மென்பொருளின் பெயர் கைவாகு. பெயர் வைத்தவன் சம்பளம் வாங்கிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறான்.

குற்றம் சொல்வதானால் அவளையும் சொல்ல வேண்டும். கையைக் கொடுத்தவள் அவள்தான். கடல் ஊருக்குள் ஏற ஏற, கரையோரத்துக் குப்பங்களைக் காலி செய்து அடுக்குமாடிக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். கண்ணாடி மாதிரி மினுக்குகிற படத்தைக் கொண்டுபோய்க் காட்டினால் ஜனங்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். எல்லாம் முடிந்துபோன விஷயம், நம்மைத் தலையாட்டக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். கடைசியில் ஒருவன் கல்லை எடுப்பான். அதே வீட்டைப் பென்சிலில் போட்டுக் காட்டினால் கதையே வேறு. “இங்க ஒரு ஜன்னல் வைக்கலாமே” என்று ஒரு பெண் ஆரம்பிப்பாள், பின்னாலேயே பத்துப் பேர் பேசுவார்கள். பென்சில் என்றால் அழிக்கலாம் என்பது யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

அமலோற்பவம் இதில் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். அசைக்க முடியாததை அழுத்திப் போடுவாள். பேசி மாற்றக்கூடியதை மெலிதாகப் போடுவாள். தூண் என்றால் கரி மாதிரி இருக்கும், தடுப்புச் சுவர் என்றால் நூல் மாதிரி. ஆகவே ஜனங்கள் மெலிந்த கோட்டில்தான் கை வைப்பார்கள், வீண் சண்டை வராது. படம் பார்க்கத் தெரியாதவர்களோடு அவள் பேசிய பாஷை அது. கைவாகுவைச் செய்யவிருந்த நிறுவனம் அதைக் கேள்விப்பட்டு வந்தது. அவளை வேலைக்குச் சேர்த்து, உணர்கருவி வைத்த கையுறையை மாட்டிவிட்டு, ஒரு மழைக்காலம் பூராவும் வரையச் சொன்னது. எந்த ஊரிலும் எந்தக் குப்பத்திலும் ஜனங்கள் தைரியமாகப் பேசட்டும் என்றுதான் அவள் வரைந்தாள். நல்ல எண்ணம்தான்.

மடவைக்குப்பத்துக் கூட்டம் மீனவர் சங்கக் கொட்டகையில் நடந்தது. முன்வரிசை வீடுகளைக் கடல் தின்றுவிட்டிருந்தது. அடுத்த வரிசையில் சுவர் மட்டும் நின்றது. அவர்கள் குடியேறப்போகும் அடுக்குமாடியின் படம் இருந்த அந்தத் தாளை மேஜையை மூடும் அளவுக்கு விரித்துவிட்டு அமலோற்பவம் உட்கார்ந்தாள். பார்க்க வரைபடத் தாள் மாதிரியே இருக்கும். தொட்டாலும் சொரசொரப்பாகவே இருக்கும். அதற்குள் திரை இருப்பது சொன்னால்தான் தெரியும். கூடவே ஒரு பேனாக்கட்டையும் ரப்பரும் உண்டு. அழித்தால் அழியும், போட்டால் விழும்.

கருவாடு விற்கும் பாக்கியவதி அதுவரை ஒன்றும் பேசாமல் படிக்கட்டு இருந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை உயர்த்தினாள்.

“மேடம், ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?”

“கேளுங்க.”

“இந்தப் படி இங்க திரும்புது பாருங்க. இதுல பாடை திரும்புமா?”

அவள் விரலால் அந்தத் திருப்பத்தைத் தொட்டுக் காட்டினாள்.

“எங்க நாத்தனாருக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடில வூடு குடுத்தாங்கோ. அவுங்க மாமனாரு செத்துப்போனப்ப ஐஸ் பெட்டி மேல ஏறல. லிப்டுல படுக்க வைக்க முடியல. நாற்காலில ஒக்கார வச்சி, கட்டி, பொம்ம மாதிரி தூக்கினு வந்தாங்கோ. படிக்குப் படி தல ஆடிக்கினே வந்துது. எங்க வூட்டுக்காரரு அத்தப் பாத்துட்டு வந்து ரெண்டு நாளு சோறு துன்னல.” அவள் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். “இப்ப அவருக்கே நெஞ்சு சரியில்ல. மருந்து வாங்கிக் குடுன்னுகூட கேக்கறதில்ல. என்னப் படுக்க வச்சி எறக்கு பாக்கியம், ஒக்கார வச்சிடாத, அத்த மட்டுந்தான் சொல்லிக்கினே கீறாரு.”

யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவர் வீட்டிலும் ஒருவர் படுத்திருந்தார்.

அமலோற்பவம் குனிந்து பார்த்தாள். படி திரும்பும் இடத்தில் இருந்த சுவர் மெலிதாக, இருக்கிறதா இல்லையா என்பதுபோல இருந்தது. இவ்வளவு பெரிய கட்டடத்தில் படிக்கட்டுச் சுவர் மெலிதாகவா இருக்கும் என்று ஒரு கணம் உறுத்தியது. ஆபீஸ் பிள்ளைகள் யோசித்துத்தான் செய்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். ரப்பரை எடுத்து அந்தச் சுவரை அழித்தாள். ஒரு கை அகலம் தள்ளிப் புதிதாக ஒரு கோடு போட்டாள். பாடையை ஒரு நீளக் கட்டமாக வரைந்து, அது திரும்பி இறங்குவதையும் காட்டினாள்.

“போவுது பாரு,” என்றார் சங்கத் தலைவர் தேசிங்கு.

பாக்கியவதி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வீடு திரும்பும் வழியெல்லாம் அமலோற்பவத்துக்கு மனசு நிறைந்திருந்தது.

மறுவாரம் ஆபீஸில் கட்டடத்தின் கணினி மாதிரியைத் திறந்தபோது சுவர் பழைய இடத்திலேயே இருந்தது.

கைவாகுவின் தலைவன் நந்தகோபன். முப்பத்தைந்து வயது, யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசாதவன். ஆபீஸில் எல்லோருக்கும் பிறந்தநாள் கேக் அவன் செலவில்தான் வரும். மசாலாக் கடலை தின்றுகொண்டிருந்தவன் அவளுக்கும் பொட்டலத்தை நீட்டினான்.

“தாள்ல மாத்தினது மாடலுக்கு வரலையே, நந்தா.”

“வராது மேடம். மாடல்லேருந்து தாளுக்குத்தான் போகும், தாள்லேருந்து மாடலுக்கு வழியே கிடையாது. அஸ்திவாரம் இறக்கி ரெண்டு மாசம் ஆச்சு. அந்தச் சுவர்தான் மொத்தக் கட்டடத்தையும் புயலுக்குத் தாங்குது. அதை எப்படி நகர்த்துறது?”

“அப்ப அவங்க கேட்டது?”

“பத்திரமா பதிவாயிருக்கு. சட்டத்துல என்ன இருக்கு? மக்கள் சொல்ற மாற்றத்தைப் பதிவு பண்ணணும்னு இருக்கு. கட்டணும்னு இல்லையே.”

அவன் இதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அயோக்கியனாக இருந்தால் திட்டிவிட்டாவது போகலாம்.

“அவ்வளவு முக்கியமான சுவர்னா ஏன் மெலிசா இருந்துச்சு? நான் அதை அழுத்தித்தான் போடுவேன்.”

நந்தகோபனின் முகம் மலர்ந்தது. “கவனிச்சுட்டீங்களா? அது புதுசு மேடம். தாளோட ஓரத்துல குட்டிக் குட்டியா கேமரா இருக்கு. யாரு எந்த இடத்தைப் பாக்கறாங்கன்னு அதுக்குத் தெரியும். ஒரே இடத்தை ரொம்ப நேரம் பாத்தாங்கன்னா அங்க பயம் இருக்குன்னு அர்த்தம். உடனே அந்தக் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமா மெலிசாக்கும். பாத்துக்கிட்டு இருக்கறவங்களுக்கே தெரியாது.”

“எதுக்கு?”

“மெலிசா இருந்தா மாத்திக்கலாம்னு தோணும், பயம் போயிடும். நாங்களா எதுவும் சேர்க்கல மேடம், எல்லாம் உங்க கை சொல்லிக்கொடுத்ததுதான். மாத்தலாம்னா மெலிசு, மாத்த முடியாதுன்னா அழுத்தம். அதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டோம், அவ்வளவுதான். இப்பல்லாம் ஒரு கூட்டத்துலகூடக் கல்லு விழறதில்ல தெரியுமா?”

அவள் கடலைப் பொட்டலத்தைத் தள்ளி வைத்தாள்.

“என் கையைத் திருப்பிக் குடுத்துடு.”

அவன் நிஜமாகவே வருத்தப்பட்டான். “ஒப்பந்தம் இருக்கே மேடம். அதுவுமில்லாம, உங்க கை இப்ப பதினோரு மாநிலத்துல ஓடிக்கிட்டிருக்கு. எங்கேருந்துன்னு எடுக்கறது?”

கழிப்பறையில் போய் இடது கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பதினோரு மாநிலம். எத்தனை கொட்டகை, எத்தனை பாக்கியவதி. ஒவ்வொரு மேஜையிலும் இந்தக் கை உட்கார்ந்துகொண்டு, பயந்த கண்களைத் தேடித் தேடிப் பார்த்து, ஆறுதலாகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது. திரும்பி வந்து வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தாள். நந்தகோபன் அதற்கும் கேக் வாங்குவதாகச் சொன்னான்.

அன்றைக்கே வீட்டில் நிஜமான தாளில், நிஜமான பென்சிலால், அந்தப் படிக்கட்டை மறுபடி வரைந்தாள். சுவரை முனை ஒடிய அழுத்திப் போட்டாள். ஆத்திரத்தில் கோடுகள் அங்கங்கே திக்கின, இரண்டு இடத்தில் தாள் கிழிந்தது. அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மடவைக்குப்பம் போய்ப் பாக்கியவதி வீட்டு வாசலில் விரித்தாள். தேசிங்கும் வலைக்காரர்கள் சிலரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

பாக்கியவதி அதைப் பார்த்தாள், அமலோற்பவத்தைப் பார்த்தாள்.

“இது கம்பெனிக்காரங்கோ போட்டதா மேடம்? சொவரு கறுப்பா, பாக்கவே பயமா கீதே. நீங்க போட்டதுதான் நல்லா கீது.”

“இதுதான் நான் போட்டது. அன்னைக்குக் காட்டினது நான் போட்டதில்லை.”

“இன்னா மேடம் சொல்றீங்கோ? எங்க கண்ணு முன்னாடிதான அழிச்சிப் போட்டீங்கோ?”

அவர்கள் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். யாரோ மேடத்தை மிரட்டியிருக்கிறார்கள், அதனால் பேச்சை மாற்றுகிறாள் என்று தேசிங்கு பக்கத்தில் இருந்தவனிடம் முணுமுணுத்தார். உள்ளே கட்டிலில் பாக்கியவதியின் கணவர் கஜபதி இருமிக்கொண்டிருந்தார். கால்கள் கட்டிலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தன. அவ்வளவு நெட்டை.

தாளில் சொன்னால் இனி எடுபடாது. எந்தக் கோட்டைப் போட்டாலும் அந்தச் சனியன் அதைவிட அழகாக ஒரு கோடு போட்டுவிட்டிருக்கும். அவள் எழுந்தாள்.

“கயிறு இருக்கா? நிறைய வேணும். துடுப்பு நாலஞ்சு குடுங்க. அப்படியே மூங்கில் வெட்டி ஒரு பாடையும் கட்டுங்க.”

உயிரோடு ஒருத்தர் படுத்திருக்கிற வீட்டு வாசலில் இதைக் கேட்டதும் பெண்கள் முகம் சுளித்தார்கள். பாக்கியவதிதான் முதலில் எழுந்து வலைக்கயிற்றை எடுத்து வந்தாள்.

கடற்கரை மணலில் துடுப்புகளை நட்டு, மார்பளவு உயரத்தில் கயிறு இழுத்துக் கட்டி, அந்தப் படிக்கட்டை அமலோற்பவம் அதன் நிஜமான அளவிலேயே போட்டாள். சுவர் இருக்கும் இடத்தில் சுவர், திருப்பம் இருக்கும் இடத்தில் திருப்பம். கயிறு யார் கண்ணையும் பார்த்து மெலியாது. பாடையில் பிணமாகப் படுக்க டில்லிபாபு முன்வந்தான். குப்பத்தில் எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவன் அவன். “மாலை இல்லியா?” என்று கேட்டுக்கொண்டே படுத்தான்.

நான்கு பேர் தூக்கினார்கள். நேராக வந்தார்கள். திரும்பும் இடத்தில் பாடையின் முன்முனை கயிற்றில் முட்டி நின்றது. பின்னால் போய் மறுபடி வந்தார்கள். சாய்த்துப் பார்த்தார்கள். தலையை முன்னாலும் காலை முன்னாலும் மாற்றி வைத்துப் பார்த்தார்கள். துடுப்புதான் பிடுங்கிக்கொண்டு விழுந்தது. டில்லிபாபுவே சிரிப்பை நிறுத்திவிட்டான்.

“அப்ப அன்னிக்கி அழிச்சீங்களே?” என்றாள் பாக்கியவதி.

“அழிஞ்ச மாதிரி காட்டுச்சு. அழியல. நீங்க பயந்து பாத்த இடத்தை அது மெலிசாக்கி வச்சிருந்தது. நானும் ஏமாந்துட்டேன்.” அவள் விழுந்த துடுப்பை எடுத்து மறுபடி நட்டாள். “சுவர் அங்கதான் நிக்கும் பாக்கியம். யாரும் அதை நகர்த்தப் போறதில்லை.”

தேசிங்கு கடல் பக்கம் திரும்பினார். “நாங்கோ சம்மதம்னு கைநாட்டு வைக்கலன்னா?”

அமலோற்பவம் பொய் சொல்லியிருக்கலாம். சண்டை போடுங்கள், எல்லாம் மாறும் என்று சொல்லியிருக்கலாம். “வேற குப்பத்துக்கு அந்த வீட்டைக் குடுத்துருவாங்க. உங்களுக்கு அடுத்தது எப்பன்னு தெரியாது.”

அலை வந்து கடைசித் துடுப்பின் அடியை நனைத்துவிட்டுப் போனது. போன வருஷம் அந்த இடத்தில்தான் தேசிங்கு வீட்டுச் சமையலறை இருந்தது.

பாடையில் படுத்திருந்த டில்லிபாபு மெதுவாகச் சொன்னான். “நிமித்திப் பாருங்கடா.”

மார்பிலும் இடுப்பிலும் முழங்காலிலும் வலைக்கயிற்றால் அவனைப் பாடையோடு சேர்த்துக் கட்டி நிமிர்த்தினார்கள். நின்றபடி, கண்ணை மூடிக்கொண்டு, டில்லிபாபு அந்தத் திருப்பத்தைக் கடந்தான். இடம் தாராளமாகவே இருந்தது. ஒரு கிழவர் ஹா என்று சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டார். பாக்கியவதி சிரிக்கவில்லை. முடிச்சுகள் எங்கெங்கே போட்டிருக்கிறார்கள் என்று கிட்டே போய்ப் பார்த்தாள்.

அமலோற்பவம் தண்ணீர் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள்.

யாரோ போனில் எடுத்த படம் அன்றைக்கே நந்தகோபனுக்குப் போய்விட்டது. அவனே கூப்பிட்டான். “மேடம், வேலையை விட்டுட்டுப் போயும் எங்களுக்காக வேலை பாக்கறீங்களே. ஜனங்களே ஒரு வழி கண்டுபிடிச்சுட்டாங்க பாருங்க. இதுக்குப் பேருதான் பங்கேற்பு.” அவள் போனை வைத்துவிட்டாள்.

சம்மதம் வாங்கும் நாளில் அவள் போயிருக்க வேண்டியதில்லை. பாக்கியவதிதான் கூப்பிட்டாள். “பக்கத்துல வந்து ஒக்காருங்கோ மேடம். பொய்யோ நெசமோ, நீங்க சொன்னாத்தான் எங்களுக்குப் புரியுது.”

கொட்டகையில் அதே தாள் விரித்திருந்தது. சுவர் இப்போது கொஞ்சம் அழுத்தமாகவே இருந்தது, அதை மறைக்க வேண்டிய அவசியம் போய்விட்டதல்லவா. படிக்கட்டின் பக்கத்தில் புதிதாக ஒரு சின்னப் படம் முளைத்திருந்தது. நிமிர்த்திய பாடை. அதில் தோல்வார் போட்டுக் கட்டிய ஒரு மனிதன். சுற்றிலும் நான்கு பேர், தோளில் துண்டு. கீழே, ஒவ்வொரு மாடியிலும் ஒரு செட் தோல்வார் இலவசமாக வைக்கப்படும் என்று எழுதியிருந்தது. தூக்குபவர்களின் கால்களில் பாரம் தெரிந்தது. இறந்தவனின் முகம் இரண்டே கோட்டில் அமைதியாக இருந்தது. பாடையின் ஓரத்தில் உள்ளங்கை பட்ட கறை.

அமலோற்பவம் அதைக் குறை கண்டுபிடிக்கும் கண்ணோடு பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. அவள் உட்கார்ந்து போட்டிருந்தாலும் இப்படித்தான் போட்டிருப்பாள். இடது கையைத் தூக்கி மடியில் வலது கைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

“நல்லா போட்டிருக்கீங்கோ மேடம்,” என்றாள் பாக்கியவதி.

“நான் போடல.”

“உங்க கைதான?”



பெயர் வாசித்தார்கள். ஒவ்வொருவராக வந்து பெருவிரலை மையில் தோய்த்து வைத்துவிட்டுப் போனார்கள். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களிடமும் சட்டப்படி கைநாட்டுதான் வாங்கினார்கள். பாக்கியவதியின் முறை வந்தது. அவள் மைப்பெட்டி வரைக்கும் கொண்டுபோன கையை நிறுத்தி, அந்தச் சின்னப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டிருந்த பிணத்தின் தலைக்கு மேல் ஒரு குறுக்குக் கோடு இருந்தது. படி திரும்பும் இடத்தில் மேலே வரும் கான்கிரீட் பீம்.

“மேடம், எங்க வூட்டுக்காரரு டில்லிபாபு மாதிரி குள்ளமில்ல. ஆறடி. இவுங்கோ நிமித்தித் தூக்கறப்ப தல இங்க இடிக்குமா?”

அமலோற்பவம் திடுக்கிட்டாள். மணலில் கயிறு கட்டியபோது மேலே வானம்தான் இருந்தது. பீம் இருக்கவில்லை. அவளுடைய உண்மைக்கும் ஒரு பக்கம் விட்டுப்போயிருந்தது. குனிந்து கணக்குப் பார்த்தாள். ஏழடியில் பீம். ஆறடி மனிதன், பாடையின் அடிக்கட்டை, தூக்குகிறவர்களின் பிடி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பாக்கியவதியின் கண் பட்ட இடத்தில், அந்தக் குறுக்குக் கோடு மெல்ல மெல்ல வெளுத்தது. கரியாக இருந்தது நூலாகி, நூலாக இருந்தது இருக்கிறதா இல்லையா என்று ஆனது.

“ஒண்ணும் இல்ல போலகீதே,” என்றாள் பாக்கியவதி. “மெலிசாத்தான் கீது.”

அமலோற்பவம் இடது கையை எடுத்து அந்தக் கோட்டின் மேல் பொத்தினாற்போல வைத்தாள்.

“இடிக்கும் பாக்கியம்.”

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி தலையைத் தூக்கிப் பார்த்தார். பாக்கியவதி அமலோற்பவத்தின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கொட்டகைக்கு வெளியே, சுவர் மட்டும் நின்ற வரிசையைப் பார்த்தாள். அதற்குப் பின்னால் தண்ணீர் தெரிந்தது.

“அப்ப தலைக்குத் துண்ட ரெண்டு சுத்து சுத்தி கெட்டியா கட்டிக்கணும்,” என்று சொல்லிவிட்டு, பெருவிரலை மையில் அழுத்தினாள்.